ஓடும்போது மூக்கு சொல்வதை நம்பலாமா? பருவகால ஒவ்வாமையோடு ட்ரெயில் ஓட்டம்

பருவகால ஒவ்வாமை இருப்பவர் மண்பாதையில் ஓடத் தொடங்கும்போது முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது: ஓடிக்கொண்டிருக்கும்போது மூக்கு சொல்லும் சாட்சி செல்லாது.

மூக்கடைப்போடு கிளம்பியவருக்குக்கூட ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் மூக்கு திறந்துகொள்ளும். காட்டுக் காற்று ஒத்துக்கொண்டது என்று தோன்றும். உண்மையில் நடப்பது வேறு. உடற்பயிற்சி செய்யும்போது உடலை அவசரத்துக்குத் தயார்ப்படுத்தும் பரிவு நரம்பு மண்டலம் விழித்துக்கொள்கிறது. அது மூக்கின் உட்சவ்வில் இருக்கும் ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது, வீக்கம் வடிகிறது, வழி திறக்கிறது. ஓட்டம் முடிந்து உடல் பழைய நிலைக்குத் திரும்பியதும் குழாய்கள் மறுபடி விரியும். ஆனால் மூக்கு திறந்திருந்த நேரம் முழுக்க, ஒவ்வாமைக்குக் காரணமான மகரந்தம் உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தது. அதற்கான கணக்கு மாலையிலோ இரவிலோ தீர்க்கப்படும். அதனால் ஒரு ஓட்டம் நன்றாகப் போனதா இல்லையா என்பதை முடித்த இடத்தில் நின்று முடிவு செய்யாமல், மறுநாள் காலையில் முடிவு செய்வதுதான் சரி.

ட்ரெயில் ஓட்டம் என்றால் என்ன என்பதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. தார் போடாத பாதையில், காடு, குன்று, புல்வெளி வழியாக ஓடுவது. சர்வதேச ட்ரெயில் ஓட்டச் சங்கத்தின் வரையறைப்படி, போட்டிப் பாதையில் தார்ச்சாலை போன்ற பகுதி 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. பொழுதுபோக்காக ஓடுகிறவருக்கு அந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. ஏற்றத்தில் நடப்பது இங்கே அவமானமில்லை, கிட்டத்தட்ட எல்லோரும் செய்வதுதான் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஒவ்வாமைக்காரருக்கு அது பெரிய வசதி, காரணம் கீழே வரும்.

உடலுக்குள் நடப்பது

ஒவ்வாமை உள்ளவரின் நோய் எதிர்ப்பு அமைப்பு, தீங்கில்லாத மகரந்தப் புரதத்தை எதிரி என்று தவறாகக் குறித்துவைத்திருக்கிறது. அதற்கென்றே ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தயாரித்து, மூக்கிலும் கண்ணிலும் இருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்புச் செல்களின் மேல் ஒட்டவைத்திருக்கிறது. அடுத்த முறை அதே மகரந்தம் வந்து படும்போது அந்தச் செல்கள் ஹிஸ்டமின் முதலான வேதிப்பொருட்களைக் கொட்டுகின்றன. தும்மல், அரிப்பு, தண்ணீராக ஒழுகும் மூக்கு எல்லாம் சில நிமிடங்களில் வந்துவிடும். இது முதல் கட்டம்.

பலருக்குத் தெரியாதது இரண்டாம் கட்டம். மகரந்தம் பட்டு சுமார் 4 முதல் 12 மணி நேரத்துக்குள், வேறு அழற்சி செல்கள் அந்த இடத்துக்கு வந்து சேர்கின்றன. அப்போது தும்மலைவிட அடைப்பே அதிகம். காலையில் ஓடியதற்கும் ராத்திரி மூக்கு அடைத்ததற்கும் சம்பந்தம் இருப்பதாக யாருக்கும் தோன்றாது. அறையில் தூசி, ஏசி, தலையணை என்று வேறு எதையாவது குற்றம் சொல்லிக்கொண்டிருப்போம்.

சளியா ஒவ்வாமையா என்ற குழப்பம் ஓடுகிறவர்களுக்கு அடிக்கடி வரும். சளி என்றால் உடல்வலி, சில சமயம் காய்ச்சல், ஒரு வாரம் பத்து நாளில் முடிவு. ஒவ்வாமை என்றால் காய்ச்சல் கிடையாது, அரிப்பு உண்டு, மூக்கிலிருந்து வருவது தெளிந்த தண்ணீர், பல வாரங்கள் இழுக்கும், ஒவ்வொரு வருடமும் கிட்டத்தட்ட அதே மாதத்தில் வரும். காய்ச்சல் இருந்தால் ஓடக்கூடாது. ஒவ்வாமை மட்டும்தான் என்றால், மூச்சு நன்றாக இருக்கும்வரை ஓடலாம்.

இந்த நோயை முதலில் ஒழுங்காக விவரித்தவர் ஜான் போஸ்டாக் என்ற ஆங்கில மருத்துவர். 1819-இல் லண்டன் மருத்துவர்கள் முன்னிலையில் அவர் விவரித்த நோயாளி வேறு யாருமல்ல, அவரேதான். ஆனால் காரணம் மகரந்தம் என்று அவருக்குத் தெரியவில்லை. அதைச் சோதித்துக் காட்டியவர் சார்ல்ஸ் பிளாக்லி என்ற இன்னொரு ஆங்கில மருத்துவர். அவருக்கும் இதே தொல்லை இருந்தது. பிசுபிசுப்புத் தடவிய கண்ணாடித் தகடுகளைப் பட்டத்தில் கட்டிப் பறக்கவிட்டு, வானில் எந்த உயரம்வரை மகரந்தம் இருக்கிறது என்று பார்த்தார்; உயரத்திலும் அது இருந்தது. 1873-இல் புத்தகமாக வெளியிட்டார். உயரே போனால் சுத்தமான காற்று என்று குன்றின் உச்சியை நம்பி ஓடுகிறவர்கள் அந்தப் பட்டங்களைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

எல்லாம் அளவுதான்

இப்போது மையமான விஷயத்துக்கு வருவோம். உள்ளே போகும் மகரந்தத்தின் அளவை மூன்று காரணிகள் முடிவு செய்கின்றன: காற்றில் எவ்வளவு இருக்கிறது, நிமிடத்துக்கு எவ்வளவு காற்றை இழுக்கிறோம், எவ்வளவு நேரம் இழுக்கிறோம். மூன்றையும் பெருக்கினால் வருவதுதான் அன்றைய சுமை.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை இழுக்கிறார். நிதானமாக ஓடும்போது அது 40, 50 லிட்டர் ஆகும். ஏற்றத்தில் முட்டிமோதி ஓடினால் நல்ல பயிற்சி உள்ளவருக்கு 100 லிட்டரைத் தாண்டும். ஓர் உதாரணக் கணக்கு: ஒரு கன மீட்டர் காற்றில் 50 மகரந்தத் துகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டர் என்பது 1000 லிட்டர். ஒரு மணி நேரம் வெளியே உட்கார்ந்திருந்தால் சுமார் 400 லிட்டர், அதாவது 20 துகள். அதே ஒரு மணி நேரம் நிதானமாக ஓடினால் 3000 லிட்டர், 150 துகள். வேகமாக ஓடினால் 300. காற்று அதேதான், நேரமும் அதேதான். மாறியது மூச்சின் அளவு மட்டும்.

மகரந்தம் குறைவு என்று செயலியில் பார்த்துவிட்டு வெளியே போய், தும்மிக்கொண்டே திரும்புகிறவர்களுக்கு இது ஒரு விளக்கம். இன்னொரு விளக்கமும் உண்டு. மகரந்தத்தை எண்ணும் கருவிகள் பெரும்பாலும் கட்டடங்களின் கூரைமேல் இருக்கின்றன. அவை தருவது பெரும்பாலும் ஒரு நாளின் சராசரி. இடுப்புயரப் புல்லை உரசிக்கொண்டு ஓடுகிறவரின் முகத்துக்கு முன்னால் எவ்வளவு இருக்கிறது என்பது அந்தக் கூரைக்குத் தெரியாது. எண்ணை ஒதுக்க வேண்டாம், அதை நேற்றைக்கும் இன்றைக்கும் ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள்.

மூச்சு நிமிடத்துக்கு 35, 40 லிட்டரைத் தாண்டும்போது பெரும்பாலானவர்கள் தானாகவே வாயாலும் மூச்சு விடத் தொடங்குவார்கள். சாதாரணமாக 10 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட துகள்களில் பெரும்பகுதியை மூக்கே பிடித்துவிடும். புல் மகரந்தம் சுமார் 20 முதல் 40 மைக்ரான். ஆக, வழக்கமாக மூக்கிலேயே நின்றுவிட வேண்டியது, வாய் வழியாகப் போகும்போது தொண்டையில் போய்ப் படிகிறது. ஓட்டத்துக்குப் பிறகு தொண்டை அரிப்பதற்கும் கனைத்துக்கொண்டே இருப்பதற்கும் இதுவும் ஒரு காரணம்.

சுமை ஒரே நாளோடு முடிவதில்லை. பருவத்தின் தொடக்கத்தில் தும்மலை வரவைக்க நிறைய மகரந்தம் தேவைப்படும். தினமும் பட்டுக்கொண்டே இருந்தால் மூக்கின் உட்சவ்வு எளிதில் தூண்டப்படும் நிலைக்கு வந்துவிடும். பருவம் பாதி கடந்தபின் கொஞ்சம் மகரந்தமே போதும், சில நேரம் புகையும் வாசனைத் திரவியமும்கூட அதே வேலையைச் செய்துவிடும். சென்ற மாதம் இதே பாதையில் ஒன்றும் ஆகவில்லையே என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் இதுதான். தொடர்ந்து நான்கு நாள் வெளியே ஓடுவதைவிட, நடுவில் ஓரிரு நாள் உள்ளரங்கில் ஓடுபொறியில் ஓடுவது பருவத்தின் உச்சத்தில் புத்திசாலித்தனம். அலுப்பாக இருக்கும், மறுக்கவில்லை.

பாதையைப் படிப்பது

கண்ணைப் பறிக்கும் பெரிய பூக்கள் பெரும்பாலும் நிரபராதிகள். அவற்றின் மகரந்தம் கனமானது, ஒட்டும் தன்மை கொண்டது, பூச்சிகளின் மேல் ஏறிப் பயணிப்பது. தொல்லை தருபவை காற்றை நம்பி இனப்பெருக்கம் செய்யும் புற்களும், சில மரங்களும், களைச்செடிகளும். அவற்றின் பூ பூவென்றே தெரியாது. மிதவெப்ப நாடுகளில் பொதுவாக வசந்தத்தில் மரம், அதற்கடுத்து புல், கோடையின் இறுதியில் களை என்று வரிசை இருக்கும். வெப்பமண்டலத்தில் இந்த எல்லைகள் கலங்கலானவை. புல்லின் பருவம் மழையைப் பொறுத்து நீளும். எதற்கு ஒவ்வாமை என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் பயப்படுவதைவிட, தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனையை ஒரு முறை செய்துகொள்வது நல்லது. புல் மட்டும்தான் காரணம் என்று தெரிந்தால், மரங்கள் அடர்ந்த பாதை உங்களுக்குத் திறந்துகிடக்கிறது என்று அர்த்தம்.

ஏனென்றால் மகரந்தத்தின் பெரும்பகுதி தாய்ச்செடிக்கு அருகிலேயே விழுகிறது. பூத்து நிற்கும் புல்வெளிக்கு நடுவே ஓடுவதற்கும், அதிலிருந்து விலகி, காற்று வரும் பக்கத்தில் ஓடுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கும். கிளைகள் கூடிய காட்டுக்குள் புல் குறைவு, காற்றின் வேகமும் குறைவு. ஆனால் அழுகிய இலைக் குவியலில் பூஞ்சை வித்துகள் இருக்கும். பூஞ்சைக்கு ஒவ்வாமை உள்ளவருக்கு ஈரக்காடு புல்வெளியைவிட மோசமாகலாம். மலையில் இன்னொரு வசதி இருக்கிறது. உயரம் கூடக் கூட செடிகள் பூக்கும் காலம் தள்ளிப்போகும். அடிவாரத்தில் புல் பூத்துக்கொண்டிருக்கும்போது மேலே இன்னும் தொடங்கியிருக்காது. கீழே முடிந்தபின் மேலே நடந்துகொண்டிருக்கும். பருவத்துக்கு ஏற்ப ஓடும் உயரத்தை மாற்றிக்கொள்வது, சாலையில் ஓடுகிறவருக்குக் கிடைக்காத சலுகை. கூட்டமாக ஓடும்போது காய்ந்த பாதையில் முன்னால் போகிறவரின் குதிகாலுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொள்ளாமல் கொஞ்சம் இடைவெளி விடுங்கள், அவர் கிளப்பும் புழுதியைத் தின்ன வேண்டியதில்லை.

எந்த நேரத்தில் ஓடுவது? இதில் இணையம் முழுக்க ஒரே வாக்கியத்தில் விடை சொல்கிறார்கள், அது எனக்குப் பிடிப்பதில்லை. ஒவ்வொரு செடிக்கும் ஒரு நேரம். பல புற்கள் காலையில் பனி காய்ந்தபின் மகரந்தத்தை விடுகின்றன. அது மேலே எழுந்து, வெயில் தாழ்ந்து காற்று குளிரும்போது மறுபடி கீழே இறங்கும். அதனால் சில இடங்களில் மாலையில்கூட உச்சம் வரும். உங்கள் பாதைக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் குறிப்பேடுதான் சொல்ல முடியும். எங்கே, எப்போது, எவ்வளவு நேரம், எவ்வளவு சிரமம், அன்று இரவு மூக்கு எப்படி, மறுநாள் காலை எப்படி என்று ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு வரி எழுதினால் போதும். சில வாரங்களில் ஒரு வடிவம் தெரிய ஆரம்பிக்கும்.

மழை பற்றி ஒரு எச்சரிக்கை. நீண்ட நேரம் மெதுவாகப் பெய்த மழைக்குப் பிறகு காற்று கழுவிவிட்ட மாதிரி இருக்கும்; ஓட நல்ல நேரம். இடிமழை அப்படியல்ல. புயல்காற்று மகரந்தத்தைத் திரட்டுகிறது, ஈரத்தில் அது வெடித்து மிக நுண்ணிய துணுக்குகளாகிறது, அவை மூக்கைத் தாண்டி நுரையீரல்வரை போகும். 2016 நவம்பர் 21 அன்று ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இப்படி ஒரு மாலை ஆயிரக்கணக்கானவர்கள் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைகளுக்குப் போனார்கள். 10 பேர் இறந்தார்கள். காரணம் ரை புல்லின் மகரந்தம். அதுவரை ஆஸ்துமாவே இல்லாத, வெறும் மூக்கு ஒவ்வாமை மட்டும் இருந்தவர்களும் பாதிக்கப்பட்டவர்களில் உண்டு. புல் பூக்கும் காலத்தில் இடிமேகம் திரண்டால் அன்றைக்கு ஓட்டம் வேண்டாம். மின்னலுக்காகவும்தான்.

வேகம்

மேலே போட்ட கணக்கின்படி, நம் கையில் முழுசாக இருப்பவை மூச்சின் அளவும் ஓடும் நேரமும் மட்டுமே. பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் என்பது பொதுவாகத் தொடக்கநிலையாளர்களுக்குச் சொல்லும் அறிவுரை. ஒவ்வாமைக்காரருக்கு அது இரண்டு மடங்கு பொருந்தும், ஏனென்றால் அந்த வேகத்தில் ஓரளவு மூக்காலேயே சமாளிக்கலாம். ஏற்றத்தில் நடப்பது வசதி என்று முன்பு சொன்னது இதற்காகத்தான். கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, எவ்வளவு நேரம் எவ்வளவு சிரமத்தோடு ஓடினோம் என்று பாருங்கள். உச்சப் பருவத்தில் வேகப் பயிற்சிகளை உள்ளரங்குக்கு மாற்றிவிட்டு, மண்பாதையை நிதான ஓட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

தொப்பி, கண்ணை ஒட்டிய கண்ணாடி இரண்டும் நல்ல முதலீடு. கழுத்துத்துணியை மூக்குவரை இழுத்துவிடுவது புழுதிக்கு உதவும், வியர்வையில் நனைந்தால் மூச்சுக்குத் தடையாகும்.

மருந்து

இங்கே சொல்வது புரிதலுக்கு மட்டும். எதை எடுப்பது என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹிஸ்டமின் தடுப்பு மாத்திரைகளில் இரண்டு தலைமுறைகள் உண்டு. குளோர்ஃபெனிரமின் போன்ற பழையவை மூளைக்குள் போய்த் தூக்கத்தை வரவைக்கும், வாயை உலர்த்தும், வியர்வையையும் குறைக்கக்கூடும். கல்லும் வேரும் நிறைந்த இறக்கத்தில் அரைத்தூக்கத்தோடு ஓடுவது சுளுக்குக்கு வழி. வெயிலில் வியர்வை குறைவதும் ஆபத்து. லோரடடின், ஃபெக்சோஃபெனடின் போன்ற புதியவற்றில் மயக்கம் குறைவு. செட்டிரிசினும் புதிய தலைமுறைதான், ஆனால் சிலருக்குக் கண்ணைச் சொருகும். முதல் மாத்திரையை ஓட்ட நாளில் சோதித்துப் பார்க்காதீர்கள். ஃபெக்சோஃபெனடினைப் பழச்சாறோடு விழுங்கினால் உடல் அதை உறிஞ்சுவது குறையும். தண்ணீரோடு போடுங்கள்.

அடைப்புதான் முக்கியத் தொல்லை என்றால், மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே மாத்திரையைவிட நன்றாக வேலை செய்யும். ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் எல்லாம் இந்த வகை. ஆனால் இது அடித்தவுடன் கேட்கும் மருந்து அல்ல; முழுப்பலன் தெரிய சில நாள் முதல் இரண்டு வாரம் ஆகும். பருவம் தொடங்குவதற்கு ஓரிரு வாரம் முன்பே ஆரம்பித்து, தினமும் தவறாமல் அடிக்க வேண்டும். முனையை மூக்கின் நடுச்சுவரைப் பார்த்துப் பிடிக்காமல் வெளிப்பக்கமாக, காதை நோக்கிச் சாய்த்துப் பிடித்தால் ரத்தம் கசிவது குறையும். இரண்டு நாள் அடித்துவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்று தூக்கிப்போடுகிறவர்கள்தான் அதிகம்.

ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் உள்ள சொட்டு மருந்துகள் நிமிடங்களில் மூக்கைத் திறக்கும். அதுதான் பிரச்சினையும். மூன்று முதல் ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்தால், மருந்து இறங்கும்போதெல்லாம் மூக்கு முன்பைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும், மருந்தை விடுவது கடினமாகிவிடும்.

போட்டிகளில் கலந்துகொள்கிறவர் கவனிக்க: சூடோஎஃபெட்ரின் கலந்த மூக்கடைப்பு மாத்திரைகள், சிறுநீரில் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், போட்டிச் சமயத்தில் ஊக்கமருந்து விதிகளின்படி தடைசெய்யப்பட்டவை. ஸ்டீராய்டு மாத்திரை, ஊசிக்கும் போட்டிச் சமயத்தில் தடை உண்டு. மூக்கு ஸ்ப்ரேவுக்குத் தடையில்லை.

திரும்பி வந்தபின்

ஓட்டம் முடிந்தாலும் மகரந்தம் உங்கள் மேல்தான் இருக்கிறது: முடியில், இமையில், சட்டையில், காலுறையில். காலணியை வாசலிலேயே விடுங்கள், உடையை நேராகத் துவைக்கப் போடுங்கள், தலையோடு குளியுங்கள். அதே தலையோடு தலையணையில் சாய்ந்தால் இரவு முழுக்க ஓட்டம் தொடரும். உப்புநீரால் மூக்கைக் கழுவுவது மலிவான, நல்ல வழி. அதற்குக் குழாய்த் தண்ணீரை நேரடியாக ஊற்றக்கூடாது. கொதிக்கவைத்து ஆறிய நீரோ, காய்ச்சி வடித்த (டிஸ்டில்டு) நீரோதான் வேண்டும். குழாய் நீரில் அபூர்வமாக இருக்கக்கூடிய ஓர் அமீபா, மூக்கு வழியாகப் போனால் மூளையைத் தாக்கும். குடித்தால் அந்த ஆபத்து இல்லை.

எப்போது நிறுத்துவது

மூக்கும் கண்ணும் படுத்துவது தொல்லை மட்டும். மார்புக்குள் போனால் கதை வேறு. ஓடி முடித்த 5 முதல் 20 நிமிடத்துக்குள் இருமல், மார்பில் இறுக்கம், மூச்சில் விசில் சத்தம் வந்தால், உடற்பயிற்சியால் மூச்சுக்குழாய் சுருங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். உடற்தகுதி போதவில்லை என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு பலர் இதை வருடக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். இது வந்துவிட்டால் ஓட்டமே முடிந்தது என்றும் இல்லை; 2003 லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடி பெண்களுக்கான உலக சாதனை படைத்த பிரிட்டன் ஓட்டக்காரர் பாலா ராட்க்ளிஃபுக்கு இருந்ததும் இப்படி உடற்பயிற்சியால் தூண்டப்படும் ஆஸ்துமாதான். பரிசோதித்து, இன்ஹேலர் கொடுத்தால் அது பையில் இருக்க வேண்டும், வீட்டு மேசையில் அல்ல. மெதுவான, நீண்ட தயார்ப்பயிற்சியும் பலருக்கு உதவும்.

உடம்பு முழுக்கத் தடிப்பு, உதடு நாக்கு வீக்கம், குரல் கம்மல், தலைசுற்றல், வாந்தி, மூச்சுத்திணறல் என்று சேர்ந்து வந்தால் அது அனஃபிலாக்சிஸ், உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை எதிர்வினை. தேனீ, குளவி கொட்டினாலும் வரலாம்; சிலருக்குக் குறிப்பிட்ட உணவைச் சாப்பிட்டுவிட்டு ஓடினால் மட்டுமே வரும். அதற்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசி. மாத்திரையை விழுங்கிவிட்டுக் காத்திருக்கக்கூடாது. முன்பு ஒருமுறை வந்தவர் ஊசி இல்லாமல், துணை இல்லாமல், தொலைபேசி எட்டாத பாதைக்குப் போக வேண்டாம்.

மருந்தெல்லாம் எடுத்தும் ஒவ்வொரு வருடமும் பருவம் வீணாகிறது என்றால், ஒவ்வாமைத் தடுப்புச் சிகிச்சை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். எந்த மகரந்தம் ஆகாதோ அதையே சிறு சிறு அளவில் கொடுத்து உடலைப் பழக்குவது இது. புல் மகரந்தத்தைக் கொண்டு லியோனர்ட் நூன் என்ற ஆங்கில மருத்துவர் இதைச் செய்து 1911-இல் வெளியிட்டார். இப்போது ஊசியாகவும், சில மகரந்தங்களுக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையாகவும் கிடைக்கிறது. மூன்று முதல் ஐந்து வருடம் தொடர வேண்டும், எல்லோருக்கும் ஒரே மாதிரி கேட்காது. ஊசி போட்டபின் அரை மணி நேரம் மருத்துவமனையிலேயே இருக்கச் சொல்வார்கள். அன்றைய ஓட்டத்தை ஊசி நேரத்துக்கு ஒட்டி வைக்காதீர்கள். ரத்த ஓட்டம் கூடும்போது மருந்து வேகமாகப் பரவி எதிர்வினை வரலாம். ஊசி நாளை ஓய்வு நாளாக வைத்துக்கொள்வது எளிது.